பந்து சொன்ன இடத்துக்குப் போகாதபோது: கட்டுப்பாட்டை இழந்த பேஸ்பால் பிட்ச்சர்களும் அவர்களின் மறுவரவும்

நேற்று வரை, பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்ச்சரின் கையுறைக்குள் பந்தைச் செருகிக்கொண்டிருந்த பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், இன்று கேட்ச்சரின் தலைக்கு மேலே வீசிப் பின்னால் இருக்கும் தடுப்பில் அடிக்கிறார். தோளில் வலி இல்லை. வேகமும் குறையவில்லை. பந்து மட்டும் சொன்ன இடத்துக்குப் போவதில்லை. பேஸ்பாலில் இதை யிப்ஸ் என்பார்கள். இதில் மாட்டியவர்களில் பலருக்கு ஆட்டவாழ்க்கை அதோடு முடிந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகளும் இருக்கின்றன.

எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். நாலு பந்து வைடாகப் போனால் என்ன, அடுத்த ஓவரில் சரிசெய்துகொள்ள முடியாதா?

பேஸ்பாலில் அடுத்த ஓவர் என்று ஒன்று கிடையாது. பிட்ச்சர் 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, அதாவது சுமார் 18.4 மீட்டரிலிருந்து, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின் மேல், பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்தை அனுப்ப வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வெளியே போய், பேட்டரும் தொடாமல் விட்ட பந்து நான்கு சேர்ந்தால் பேட்டர், ரன் எடுக்க ஓடி எட்டவேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு ஓசியில் நடந்து போவார். அதுதான் வாக். கேட்ச்சராலும் பிடிக்க முடியாதபடி போய், ஏற்கெனவே பேஸில் நிற்பவர்கள் அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டால் அது வைல்ட் பிட்ச்.

கிரிக்கெட்டில் ஒரு பவுலர் தடுமாறினால் கேப்டன் அவரை ஃபைன் லெக்கில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிய பிறகு மறுபடி கூப்பிடலாம். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் வெளியே எடுத்த பிட்ச்சர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வரமுடியாது. வெளியே எடுக்கும்வரை ஒவ்வொரு பந்தையும் அவரேதான் வீச வேண்டும். மைதானத்தின் நடுவில் சின்ன மண்மேட்டில் தனியாக நிற்கிறார், அவர் பந்தை விடாமல் ஆட்டத்தில் எதுவுமே தொடங்காது. ஒளிந்துகொள்ள இடமில்லாத வேலை அது.

இதுவும் ஃபார்ம் போனதும் ஒன்றுதானே?

இல்லை. ஃபார்ம் போன பிட்ச்சர் அங்குலக் கணக்கில் தவறுவார், அதைப் பேட்டர் அடித்துவிடுவார். யிப்ஸ் வந்தவர் அடிக்கணக்கில் தவறுவார், பேட்டர் அடிக்கவே வேண்டியதில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. கோளாறு ஒரே ஒரு செயலில் மட்டும் வரும், பக்கத்துச் செயலில் இருக்காது. தனியாகப் பயிற்சி செய்யும்போது சரியாக வீசுவார், பேட்டர் வந்து நின்றதும் போய்விடும். பேட்டருக்கு வீசுவார், முதல் பேஸுக்கு எறிய முடியாது. காயம் என்றால் இப்படி ஆள் பார்த்து வராது.

ஸ்டீவ் பிளாஸ் வியாதி என்கிறார்களே, யார் அவர்?

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வலக்கைப் பிட்ச்சர். 1971 உலகத் தொடரில், அதாவது மேஜர் லீக் கோப்பைக்கான இறுதித் தொடரில், பால்டிமோருக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தையும், கோப்பையை முடிவுசெய்த ஏழாவது ஆட்டத்தையும் முழுதாக வீசி வென்றவர். 1972-ல் 19 வெற்றி, 8 தோல்வி. பேஸ்பாலில் மூன்று அவுட் விழுந்தால் ஓர் இன்னிங்ஸ் முடியும், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அந்த ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ. 2.49. அந்த ஆண்டு லீகின் சிறந்த பிட்ச்சருக்கான வாக்கெடுப்பில் இரண்டாவது இடம்.

அடுத்த ஆண்டு 88⅔ இன்னிங்ஸில் 84 வாக். ஈ.ஆர்.ஏ. 9.85. நடுவில் காயம் எதுவும் இல்லை. 1974-ல் மேஜர் லீகில் ஒரே ஓர் ஆட்டம், அதில் ஐந்து இன்னிங்ஸில் ஏழு வாக். அப்புறம் அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீக், அங்கேயும் அதே கதை. 1975-ல் 32 வயதில் விலகிவிட்டார். தியானம் உட்பட யார் எதைச் சொன்னாலும் முயன்று பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. பின்னாளில் அதே பைரேட்ஸ் அணியின் வர்ணனையாளராகப் பல பத்தாண்டுகள் இருந்து 2019-ல்தான் ஓய்வு பெற்றார். தன் பெயர் ஒரு நோயின் பெயரானதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசக்கூடிய மனிதர்.

மனசுக்கு ஏதாவது அடி விழுந்தால்தான் இது வருமா?

அப்படி ஒரு கதை கட்டுவது சுலபம். பிளாஸின் சக வீரர் ராபர்டோ கிளெமென்டே, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப்பொருள் கொண்டுபோன விமானம் 1972 டிசம்பர் 31 அன்று விழுந்ததில் இறந்தார். அவருக்கான நினைவுக் கூட்டத்தில் இரங்கல் உரை வாசித்தவர் பிளாஸ். அடுத்த சீசனில் பந்து போய்விட்டது. இரண்டையும் முடிச்சுப் போடாத எழுத்தாளரே இல்லை. பிளாஸ் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருந்த எத்தனையோ பிட்ச்சர்கள் ஒழுங்காகத்தான் வீசியிருக்கிறார்கள். எந்தத் துக்கமும் இல்லாதவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கோல்ஃப் வீரர்களை வைத்து இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகப் பார்த்தார்கள்.

ஒரு முனை நரம்பு சார்ந்தது. ஒரே நுண்ணிய அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்தவர்களுக்கு, அந்த அசைவில் மட்டும் தசை தானாக இழுத்துக்கொள்ளும். அதிகமாக எழுதுபவர்களுக்கும் வயலின், பியானோ வாசிப்பவர்களுக்கும் வரும் விரல் பிடிப்பு இந்த வகை. டிஸ்டோனியா என்பது மருத்துவப் பெயர். மறு முனை பதற்றம் சார்ந்தது, நெருக்கடி வந்தால் ஆட்டம் சுருங்கிப்போவது.

பிட்ச்சர்கள் விஷயத்தில் எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தெரிவது, இந்த இரண்டாவது முனையைச் சேர்ந்த, கவனம் பற்றிய விளக்கம். தேர்ந்தவரின் கை அவரைக் கேட்டு வேலை செய்வதில்லை. மாடிப்படி இறங்கும்போது எந்தக் கால் முதலில், முட்டியை எவ்வளவு மடக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுக்கும். ராப் கிரே என்ற ஆய்வாளர் 2004-ல் பேஸ்பால் பேட்டர்களை வைத்து இதைச் சோதித்தார். தன் மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னதும், அனுபவமுள்ள பேட்டர்களின் ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, இது ஆட்டம் தெரியாதவருக்கு வருகிற கோளாறில்லை, நன்றாகத் தெரிந்தவருக்கு வருவது. ஒரு பந்து எப்படியோ தப்பாகப் போகிறது. எல்லோருக்கும் போவதுதான். ஆனால் இவர் அடுத்த பந்தில் தன் கையைத் தானே கண்காணிக்கத் தொடங்குகிறார். கண்காணிக்கக் கண்காணிக்கக் கை இன்னும் மோசமாகிறது.

ரிக் ஆன்கீலுக்கு என்ன நடந்தது?

இந்த வரிசையில் எல்லோர் கண்முன்னாலும் நடந்தது இவருடையதுதான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் இடக்கைப் பிட்ச்சர், அப்போது 21 வயது. 2000-ல் 175 இன்னிங்ஸில் 194 பேரை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே அவுட், ஆக்கியிருந்தார். அவருடைய கர்வ் பந்தைப் பார்த்துவிட்டு இன்னும் இருபது ஆண்டுக்குக் கவலையில்லை என்று அந்த ஊர் நம்பியது. அவர் தந்தை போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றதும் அதே ஆண்டுதான். அது வெளியே அதிகம் பேசப்படவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 3, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான பிளே ஆஃப் தொடரின் முதல் ஆட்டம். எதிரணிப் பிட்ச்சர், அந்தக் காலத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவரான கிரெக் மேடக்ஸ். இளைஞனுக்கு நெருக்கடி வேண்டாம் என்று, ஆட்டத்தைத் தொடங்கப்போவது ஆன்கீல்தான் என்பதை மேனேஜர் டோனி லா ரூசா மறைத்து, முந்தைய நாள் பத்திரிகையாளர் சந்திப்புக்கு இன்னொரு பிட்ச்சரான டாரில் கைலை அனுப்பிவைத்தார். வழக்கமான கேட்ச்சர் மைக் மெத்தினி வேட்டைக் கத்தியில் கையைக் கிழித்துக்கொண்டதால் அன்று இல்லை. கார்டினல்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே ஆறு ரன் எடுத்துவிட்டது. இரண்டு இன்னிங்ஸ் ஆன்கீல் சாதாரணமாகவே வீசினார்.

மூன்றாவது இன்னிங்ஸில் நான்கு வாக், ஐந்து வைல்ட் பிட்ச். ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச் என்பது 1890-க்குப் பிறகு மேஜர் லீகில் நடந்ததே இல்லை. கார்டினல்ஸ் 7-5 என்று ஆட்டத்தை வென்றுவிட்டது, அதனால் அன்று அதை ஒரு வேடிக்கையாகக்கூட எடுத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த சுற்றில் மெட்ஸுக்கு எதிராக முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் வெளியேறியபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த பிளே ஆஃபில் மொத்தம் நான்கு இன்னிங்ஸ், 11 வாக், 9 வைல்ட் பிட்ச்.

2001-ன் முதல் ஆட்டத்துக்கு முன்னால் வோட்கா குடித்துவிட்டு இறங்கியதாக ஆன்கீலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதிரணிப் பிட்ச்சர், இன்னொரு பெரும்புள்ளியான ராண்டி ஜான்சன். ஆன்கீல் வென்றார். கையைக் கண்காணிக்கும் அந்தக் காவல்காரனைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்தால் கை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே சமயம் இப்படியே வாழமுடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மீண்டும் தடுமாறியதும் மைனர் லீக் அணியான மெம்பிஸுக்கு அனுப்பினார்கள். 4⅓ இன்னிங்ஸில் 17 வாக், 12 வைல்ட் பிட்ச். அதற்கும் கீழே, டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் இருந்த அடிமட்ட லீகுக்கு இறக்கினார்கள். அங்கே 87⅔ இன்னிங்ஸில் 158 ஸ்ட்ரைக் அவுட், வெறும் 18 வாக். கை அப்படியே இருந்தது. பார்க்கிற கண்கள்தான் குறைந்திருந்தன.

பிறகு முழங்கை அறுவை சிகிச்சை. 2004 செப்டம்பரில் மேஜர் லீகுக்குத் திரும்பி ஐந்து ஆட்டங்களில் 10 இன்னிங்ஸ் வீசினார், ஒரே ஒரு வாக். வெளியிலிருந்து பார்த்தால் குணமாகிவிட்டார். 2005 மார்ச்சில் இனிமேல் பிட்ச்சராக இருக்கப்போவதில்லை, எல்லைப் பக்கம் ஃபீல்டிங் செய்யும் அவுட்ஃபீல்டராக மாறுகிறேன் என்று அறிவித்தார்.

குணமான பிறகு ஏன் விட்டார்?

என் கணிப்பில், பந்து சரியாகப் போவதும் வீசுகிறவர் நிம்மதியாக இருப்பதும் வேறு வேறு. ஒவ்வொரு பந்துக்கும் அவர் தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எண்கள் நன்றாக இருந்தன, வாழ்க்கை இல்லை. அந்த நிலையில் விலகியதைத் தோல்வி என்று எழுதியவர்கள் எண்களை மட்டும் பார்த்தவர்கள்.

2007 ஆகஸ்ட் 9 அன்று அவுட்ஃபீல்டராகச் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே மூன்று ரன் தந்த ஹோம் ரன் அடித்தார். கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி அது. 2008-ல் 25 ஹோம் ரன். 2010-ல் எந்த அட்லாண்டாவுக்கு எதிராக எல்லாம் தொடங்கியதோ அதே அட்லாண்டா அணிக்காக ஆடி, சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தை 11-வது இன்னிங்ஸ் ஹோம் ரன்னால் வென்று கொடுத்தார். மொத்தம் 76 ஹோம் ரன், பிட்ச்சராக 13 வெற்றி. பிட்ச்சராகப் பத்து வெற்றிக்கு மேலும், ஐம்பது ஹோம் ரன்னுக்கு மேலும் எடுத்தவர்களில் அவருக்கு முந்தையவர், பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரான பேப் ரூத். 2018-ல், முப்பத்தொன்பது வயதில், மறுபடி பிட்ச்சராக வரலாமா என்று முயன்றார். முழங்கை இடம் கொடுக்கவில்லை.

60 அடி வீச முடியாதவர் அவுட்ஃபீல்டிலிருந்து எப்படி எறிந்தார்?

2008 மே 6, கொலராடோ. சென்டர் ஃபீல்டின் ஆழத்திலிருந்து சுமார் 300 அடி தூரத்தை நேராக எறிந்து, மூன்றாவது பேஸுக்கு ஓடியவர்களை ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அவுட் ஆக்கினார். கோளாறு கையில் இல்லை என்பதற்கு இதுதான் நேரடி நிரூபணம். பந்து வருகிறது, ஓடுகிறோம், எடுக்கிறோம், எறிகிறோம். அங்கே யோசிக்க நேரமில்லை. மண்மேட்டில் நிற்பவருக்கோ உலகத்து நேரமெல்லாம் இருக்கிறது. இப்போது மேஜர் லீகில் பந்துகளுக்கு இடையே கடிகாரம் வைத்துவிட்டார்கள், 2023-லிருந்து. அது யிப்ஸுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல இன்னும் காலம் ஆகவேண்டும்.

இடக்கையர்களுக்குத்தான் அதிகம் வருமா?

ஆன்கீல், இனி வரப்போகும் மாட்ஸெக், லெஸ்டர் என்று இடக்கையர் பெயர்களாக வருவதால் இந்தக் கேள்வி. பிளாஸும், கீழே வரும் பார்டும் மார்க் வோலர்ஸும் வலக்கையர்கள்.

பிட்ச்சராகவே திரும்பி வந்தவர் உண்டா?

டேனியல் பார்ட். பாஸ்டன் ரெட் சாக்ஸில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இறங்கி மணிக்கு 100 மைல் வரை வீசியவர். 2010-ல் ஈ.ஆர்.ஏ. 1.93. இவர் கதையில் பலர் கவனிக்காத ஒன்று, 2007-ல் மைனர் லீகில் நுழைந்த முதல் ஆண்டிலேயே 75 இன்னிங்ஸில் 78 வாக் கொடுத்திருந்தார். ஆட்டத்தின் நடுவில் இறங்கிக் குறைவான பந்துகள் வீசும் வேலைக்கு மாற்றியதும் அது மறைந்தது.

2012-ல் அவரை மறுபடி ஆட்டத்தைத் தொடங்குபவராக மாற்றிப் பார்த்தார்கள். 59⅓ இன்னிங்ஸில் 43 வாக், எட்டு பேட்டர்கள் மேல் பந்து பட்டது. 2013-ல் மேஜர் லீகில் இரண்டே ஆட்டம். 2014-ல் டெக்சஸ் அணியின் மைனர் லீகில் அவருடைய கணக்கு: இரண்டே அவுட், ஒன்பது வாக், ஏழு பேர் மேல் பந்து. இதைத் தட்டச்சு செய்யும்போதே கை கூசுகிறது. மேலிருந்து வீசினார், பக்கவாட்டில் வீசினார், அணி அணியாக மாறினார். 2017-ல் விட்டுவிட்டார்.

அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அவரை இளம் வீரர்களுக்கு மனத்திடம் சொல்லித்தரும் வழிகாட்டியாக வேலைக்கு வைத்தது. வேலையின் ஒரு பகுதியாகப் பையன்களோடு சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் கணக்கு எழுதவில்லை, யாருடைய சம்பளமும் அதைச் சார்ந்திருக்கவில்லை. பந்து நேராகப் போகத் தொடங்கியது. அவர் சொல்வதற்கு முன்னால் எதிரே பிடித்தவர்கள் கவனித்தார்கள். 2020 தொடக்கத்தில் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் வீசிக் காட்டினார், கொலராடோ ராக்கீஸ் மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது. 2020 ஜூலை 25 அன்று, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மேஜர் லீகில் வீசி, அந்த ஆட்டத்தின் வெற்றியையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டின் சிறந்த மறுவரவு வீரர் விருது, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அவருக்கு. 2022-ல் 34 ஆட்டங்களில் முன்னிலையைக் காத்து வெற்றியாக முடித்துக் கொடுத்தார், ஈ.ஆர்.ஏ. 1.79. அதாவது பாஸ்டனில் இருந்த உச்சத்தையும் தாண்டி.

டைலர் மாட்ஸெக் கதையும் இதேபோலத்தானா?

இல்லை, ஏறக்குறைய நேர்மாறு. பார்டுக்கு ஆட்டத்தை விட்ட பிறகுதான் கட்டுப்பாடு திரும்பி வந்தது, இவர் ஆட்டத்தை விடவே இல்லை. 2009-ல் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கொலராடோவின் முதல் சுற்றுத் தேர்வு. 2014-ல் மேஜர் லீக், 2015-ல் கட்டுப்பாடு போய்க் கீழே இறக்கப்பட்டார். ஒவ்வொரு அணியாகக் கழித்துவிட, கடைசியில் மேஜர் லீகோடு தொடர்பே இல்லாத டெக்சஸ் ஏர்ஹாக்ஸ் என்ற அணியில் ஆடினார். அந்தக் காலத்தில் ஜேசன் குன் என்பவரிடம் பயிற்சி பெற்றார். குன் கல்லூரியில் பிட்ச்சராக இருந்து யிப்ஸால் ஆட்டத்தை இழந்து, பிறகு கடற்படையின் சீல் கமாண்டோவாக ஆனவர். பயம் போன பிறகு வீசலாம் என்று காத்திருக்காதே, பயத்தோடேயே வீசப் பழகு என்பது அந்தப் பயிற்சியின் சாரம்.

2020-ல் அட்லாண்டாவுக்காகத் திரும்பினார். 2021 அக்டோபர் 23, டாட்ஜர்ஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், அட்லாண்டா 4-2 முன்னிலை, இரண்டாவது மூன்றாவது பேஸில் ஆட்கள், ஒருவரும் அவுட் இல்லை. ஒரு வைல்ட் பிட்ச் போனால்கூட ரன். அந்த நிமிடத்தில் மாட்ஸெக்கைத்தான் கூப்பிட்டார்கள். ஆல்பர்ட் புஹோல்ஸ், ஸ்டீவன் சூசா, மூக்கி பெட்ஸ், மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட். அட்லாண்டா அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. காணொளியில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

அப்படியானால் திரும்பி வர எது வழி?

ஒரே வழி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் வந்தவர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. பழைய வீச்சைப் பழைய இடத்திலேயே நின்று பழுதுபார்த்து வந்தவர் அரிது. ஆன்கீல் வேலையை மாற்றினார். பார்ட் ஆட்டத்தையே விட்டுவிட்டு வேறு வேலையாகப் பந்தைத் தொட்டார். மாட்ஸெக் எதிர்பார்ப்பே இல்லாத லீகில் கிடந்து தன் பயத்தோடு உறவை மாற்றிக்கொண்டார். அட்லாண்டாவில் ஆட்டங்களை முடித்துக்கொடுத்த வோலர்ஸ் 1998-ல் 20⅓ இன்னிங்ஸில் 33 வாக் கொடுத்தவர். அணி மாறி, முழங்கை அறுவை சிகிச்சையால் ஓராண்டு கட்டாய ஓய்வில் இருந்து, 2000-த்தில் சின்சினாட்டியில் திரும்பி, இன்னும் மூன்று சீசன் ஆடினார். ஓய்வுதான் அவரைக் காப்பாற்றியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பயிற்சியாளர்கள் நடைமுறையில் செய்வது, கவனத்தைக் கையிலிருந்து எடுத்து வெளியே வைப்பது. கேட்ச்சரின் கையுறையின் ஒரு தையலைப் பார்க்கச் சொல்வார்கள். வீசும் முன் மூச்சை விடும் ஒரே மாதிரியான சடங்கு ஒன்றைப் பழக்குவார்கள். ஆளில்லாத மைதானத்தில் தொடங்கி, ஒரு பேட்டர், இரண்டு பேட்டர், பிறகு பார்வையாளர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

நிறையப் பயிற்சி செய்தால் போகாதா?

பெரும்பாலும் அதிகமாகும். பிளாஸ் உழைக்காமல் போகவில்லை. தப்பான வீச்சை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வீசினால் அந்தத் தப்புதான் பழகும். கூடவே ஆளுக்கொரு யோசனை வேறு: காலைத் தூக்கு, முழங்கையை இறக்கு, தோளைத் திருப்பு. கையைக் கண்காணிப்பதுதான் நோய் என்றால் இந்த ஒவ்வொரு யோசனையும் கூடுதல் கண்காணிப்பு.

மருந்து?

யிப்ஸுக்கென்று மருந்து எதுவும் இல்லை. கூடவே பதற்றக் கோளாறு இருந்தால் அதற்கு மருத்துவர் சிகிச்சை தருவார், அது வேறு.

குணமாகாமலேயே ஆட முடியுமா?

இடக்கைப் பிட்ச்சர் ஜான் லெஸ்டரைப் பாருங்கள். பேட்டருக்கு வீசுவதில் குறையே இருக்கவில்லை, முதல் பேஸில் நிற்பவரை அவுட் ஆக்கப் பந்தை அங்கே எறிவதுதான் முடியவில்லை. 2014 சீசன் முழுக்க ஒரு முறைகூட எறியவில்லை. அந்த ஆண்டு பிளே ஆஃபில் கேன்சஸ் சிட்டி அணி இதைக் கண்டுகொண்டு, அவர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடி, பேஸ் பேஸாகத் திருடி ஆட்டத்தையே புரட்டிவிட்டது. ஊருக்கே தெரிந்த இந்தக் குறையோடுதான் சிகாகோ கப்ஸ் அவருக்கு ஆறு ஆண்டுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தது. 2016-ல் 19 வெற்றி, 2.44 ஈ.ஆர்.ஏ., கப்ஸுக்கு 108 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடர்.

எப்படிச் சமாளித்தார்? பந்தை விடும் நேரத்தை மாற்றி மாற்றி ஓடுபவரைக் குழப்பினார். வீசும் அசைவைச் சுருக்கினார். கேட்ச்சர் டேவிட் ராஸ் பின்னாலிருந்து முதல் பேஸுக்கு எறிந்து பயமுறுத்திவைத்தார். எறிந்தே ஆகவேண்டும் என்றால் தரையில் குத்தி எகிறும்படி எறிந்தார், அழகுக்கு யார் மார்க் போடுகிறார்கள். எனக்கு இந்தக் கதை ஆன்கீல் கதையைவிடப் பிடிக்கும்.

மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கும் வருமா?

வரும். டாட்ஜர்ஸின் ஸ்டீவ் சாக்ஸ் 1983-ல் பக்கத்திலிருக்கும் முதல் பேஸுக்கு எறிய முடியாமல் 30 பிழைகள் செய்தார், பிறகு முழுதாக மீண்டார். யாங்கீஸின் சக் நாப்லாக் மீளவில்லை, லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றப்பட்டார். மெட்ஸின் கேட்ச்சர் மேக்கி சாசருக்குப் பந்தைப் பிட்ச்சரிடம் திருப்பி எறிவதே போராட்டம். ஆட்டத்திலேயே எளிதான எறி அது.

கிரிக்கெட்டில்?

2001-ல் லார்ட்ஸில் நடந்த கவுன்ட்டி ஒருநாள் கோப்பை இறுதியில், லெஸ்டர்ஷர் வேகப்பந்து வீச்சாளர் ஸ்காட் பாஸ்வெல் ஒரே ஓவரில் எட்டு வைட் போட்டார். அந்த ஓவர் முடிய 14 பந்து ஆனது. அவருடைய தொழில்முறைக் கிரிக்கெட் அதோடு முடிந்தது.

என் மகன் அகாடமியில் வேகப்பந்து வீசுகிறான். ஒரு மாதமாகப் பந்து கண்ட இடத்துக்குப் போகிறது. இதுவா அது?

பெரும்பாலும் இருக்காது. வளரும் வயதில் உயரம் கூடும்போது வீச்சு தடுமாறுவது சகஜம். முதலில் தோள், முழங்கை, முதுகில் வலி இருக்கிறதா என்று விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமும் சேர்ந்து குறைந்திருந்தால் காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடம்பில் ஒன்றுமில்லை, தனியாக வீசினால் சரியாக இருக்கிறது, ஆள் நின்றால் மட்டும் போகிறது என்றால் சில வாரம் பந்துவீச்சை நிறுத்தி, பேட்டிங், ஃபீல்டிங் என்று விடுங்கள். வீட்டில் அதைப் பற்றி விசாரிப்பதையும், வலைக்குப் பின்னால் நின்று ஃபோனில் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து கெட்டிருந்தால் உளவியலாளரைப் பார்ப்பதில் தயங்க வேண்டாம்.

ஒருமுறை திரும்பி வந்தவருக்கு மறுபடி வருமா?

வரலாம். பார்டுக்கு வந்தது. 2023 மார்ச்சில் நாடுகளுக்கு இடையிலான உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் அமெரிக்காவுக்காக இறங்கியபோது கட்டுப்பாடு தவறி, வெனிசுவேலாவின் ஹோசே அல்டுவேயின் கையில் பந்து பட்டு அவர் கட்டைவிரல் உடைந்தது. அந்த மாதக் கடைசியில் சீசன் தொடங்கியபோது ராக்கீஸ் பார்டை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. காயமடைந்தவர்கள் பட்டியலில் சேர்த்து, காரணம் பதற்றம் என்றே வெளிப்படையாகப் போட்டார்கள். முன்பெல்லாம் இப்படி நேரும்போது ஏதாவது தசைப்பிடிப்பு என்று எழுதி மூடுவதுதான் வழக்கம். ஏப்ரலிலேயே திரும்பினார். அந்த ஆண்டு 50 ஆட்டங்கள், 49⅓ இன்னிங்ஸ், 49 வாக். அவ்வளவு வாக் கொடுத்தும் ஈ.ஆர்.ஏ. 4.56-ல் நின்றது.